கோட்டுக்குக் கீழே ஒரு வரி

தேவனூர் நாடு, கொல்லிமலை
8.7.2024

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இளமதி எழுதுவது. நான் இங்கே சுகம். அங்கே நீங்கள் இருவரும், அப்பாவின் இடுப்பு வலியும், வெள்ளைச் சேவலும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுதவும்.

மலை வளைவுகளில் வாந்தி எடுக்காமல் வந்தேன் என்று எழுத ஆசைதான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாளின் சேலை அதற்குச் சாட்சி சொல்லாது. பள்ளிக்கூடத்தில் சமைக்கும் பாப்பாத்தி அக்காவோடு ஓர் அறையில் இருக்கிறேன். சாப்பாடு நன்றாக இருக்கிறது. போன் சிக்னல் மட்டும் சோளக்காட்டு பஸ் நிறுத்தத்துக்குப் போனால்தான் கிடைக்கும்.

தலைமையாசிரியர் சதீஷ்குமார் சார் ஏழாம் வகுப்புத் தமிழை என் தலையில் கட்டிவிட்டார். பாடம், கடிதம் எழுதுதல். முதல் நாள் விடுப்புக் கடிதம் எழுதச் சொன்னேன். வகுப்பு முழுக்கக் கடும் காய்ச்சல். போன வாரம் வராமல் இருந்த முகேஷைக் கூப்பிட்டு, நிஜமாகவே காய்ச்சலா என்று கேட்டேன். இல்லையாம். பலாப்பழ லோடு ஏற்றப் போனானாம். அதையே எழுது என்றேன். அவனுக்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டது. "அப்படியெல்லாம் எழுதக் கூடாதுங்க டீச்சர். கைடுல காய்ச்சல்னுதான் இருக்குது" என்றான்.

அடுத்து ஒரு கேள்வி கேட்டான் பாருங்கள். நீங்கள் யாருக்காவது கடிதம் எழுதியிருக்கிறீர்களா டீச்சர் என்றான். தமிழில் பட்டம் வாங்கியவள், வாழ்நாளில் ஒரு கடிதம் எழுதியதில்லை. மானம் போய்விட்டது. அதனால்தான் இந்தக் கடிதம். தபால் பெட்டி வரைக்கும் பிள்ளைகள் கூடவே வரப் போகிறார்கள்.

மற்றதெல்லாம் உங்களுக்கே தெரியும். போன வருஷம் மஞ்சள் காமாலையில் ஆசிரியர் பயிற்சி பாதியில் நின்றது. இந்தத் தடவையும் முடிக்காவிட்டால் கல்லூரியில் இன்னொரு முறை சேர்க்க மாட்டார்கள். பெரியப்பா வேறு திருச்செங்கோட்டு மாப்பிள்ளையின் போட்டோவைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறார். நான் டீச்சராகத்தான் இறங்கி வருவேன்.

உங்கள் அன்பு மகள்
இளமதி


காரவள்ளி
17.7.2024

கண்ணு இளமதிக்கு அப்பா ராசு எழுதுவது. நாங்கள் நலம். சேவல் நலம். என் இடுப்பைப் பற்றி இனி எழுத வேண்டாம். பெட்டியில் போடும் முன் அந்தப் பிள்ளைகள் படித்திருக்கும்.

நாமக்கல்லில் மாடி வீடு ஒன்று கட்டுகிறோம். கொத்தனார்கள் போதவில்லை. விடியும் முன் போனால் இருட்டித்தான் வருகிறேன். வீட்டில் என்ன நடக்கிறது என்பதே உன் அம்மா சொன்னால்தான் எனக்குத் தெரியும்.

ஒன்றே ஒன்று சொல்கிறேன். இங்கே எது நடந்தாலும் பயிற்சி முடியாமல் நீ மலை இறங்கக் கூடாது. உன் பெரியப்பா செத்தாலும் வராதே. அவன் சாக மாட்டான், ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன்.

உன் அம்மா அரிசி முறுக்கு கொடுத்துவிடுகிறாள். பிள்ளைகளுக்கும் கொடு.

ராசு


தேவனூர் நாடு
29.7.2024

அன்புள்ள அப்பா, அம்மா, நலம். உங்கள் நலம் அறிய ஆவல். முறுக்கு வந்து சேர்ந்தது. சேர்ந்த அன்றைக்கே தீர்ந்தும் போனது.

இந்த வாரம் நான் ஒரு திருட்டைப் பிடித்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை வீட்டுப்பாடம் கொடுத்தேன். ஊருக்குப் பேருந்து வசதி கேட்டு, ஊர் சார்பில் கலெக்டருக்கு ஒரு விண்ணப்பம். விடுதிப் பிள்ளைகள் சனி ஞாயிறு அவரவர் ஊருக்குப் போய்த் திங்கட்கிழமை எழுதிக்கொண்டு வந்தார்கள். மேல்வளவு என்று ஒரு சின்ன ஊர். அந்த ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் கொண்டுவந்தது ஒரே கடிதம். வரிக்கு வரி ஒன்று. அதை அப்படியே தருகிறேன்:

'எங்கள் ஊருக்குப் பேருந்து வேண்டும். வந்தால் தினமும் வர வேண்டும். ஒரு நாள் வந்து ஒரு நாள் வராமல் இருப்பதானால் வேண்டவே வேண்டாம். நின்றால் பலாமரத்தடியில்தான் நிற்க வேண்டும். எங்கள் மருமகன் சேலத்திலிருந்து வரும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து வருகிறார். இது எங்களுக்கு மரியாதைக் குறைவு.'

ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மருமகன். முகேஷிடம், ஏண்டா உனக்கு மருமகன் இருக்கிறாரா என்று கேட்டேன். தனக்கு இல்லை, ஆனால் இருக்கிறார் என்றான். யாரைப் பார்த்து யார் எழுதியது என்று கேட்டதற்கு அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். எங்கள் கல்லூரி ருக்குமணி மேடம், காப்பியைப் பிடிக்கத் தெரியாதவள் டீச்சரே இல்லை என்பார். நான் பிடித்துவிட்டேன் அல்லவா? சிவப்பு மையில் எல்லோருக்கும் வட்டமாக, பெரிதாக முட்டை போட்டுக் கொடுத்தேன்.

ஒரு பிள்ளையும் அழவில்லை. இதை வீட்டில் எப்படிச் சொல்வது என்பதுபோல ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதுதான் எனக்குக் கொஞ்சம் ஒரு மாதிரி இருந்தது.

அன்புடன்
இளமதி


காரவள்ளி
9.8.2024

சாமி இளமதிக்கு அம்மா சுமதி எழுதுவது. அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். அவருடைய கண்ணாடி உடைந்துவிட்டது. போனும் உடைந்துவிட்டது. இரண்டும் வேறு வேறு நாளில் உடைந்தன என்று எழுதச் சொல்கிறார்.

நாங்கள் மிகவும் சுகம். (மிகவும் என்பதைச் சேர்க்கச் சொன்னார்.)

நீ திருட்டைப் பிடித்தது நல்லது என்கிறார். முட்டையைக் கொஞ்சம் சின்னதாகப் போட்டிருக்கலாம் என்று நான் சொல்கிறேன். நம் சேவல் பகல் பதினோரு மணி ஆனால் பக்கத்து வீட்டுக் கண்ணாயியிடம் போய்விட்டுச் சாயங்காலம்தான் திரும்புகிறது, இத்தனை நாள் இது தெரியாமல் தீனி போட்டோமே என்று அப்பாவுக்கு வருத்தம். மத்தியான நாடகத்தில் பெரிய மருமகள் நல்லவள் இல்லை, அவள் அழுவதை நம்பாதே என்றும் சொல்கிறார். அதை ஏன் உனக்கு எழுத வேண்டும் என்று கேட்டேன். எழுது என்றார்.

சோளக்காட்டுக்குப் போனாலும் நீ போன் போட வேண்டாமாம். கண்ணாயி வீட்டுப் போனுக்கும் வேண்டாமாம். கடிதம்தான் உனக்குப் பாடம், எழுதிப் பழகு என்கிறார். (இது நான் சொன்னது இல்ல சாமி. எனக்கு உன் கொரலைக் கேக்கோணும்னுதான் இருக்குது. ஆனா பேசினா நான் அழுதுபோடுவேன்னு அவருக்குப் பயம்.)

எதற்கு அழுவேன் என்று நீ கேட்பாய். சும்மாதான். மகளைப் பிரிந்தால் அழ மாட்டார்களா?

அம்மா


தேவனூர் நாடு
16.8.2024

அன்புள்ள அப்பா, அம்மா, நான் நலம் என்று எழுதிவிடுகிறேன். ஆனால் இந்த வாரம் நான் பட்ட பாடு பகைவருக்கும் வேண்டாம்.

மேல்வளவு ஊரே பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டது. முன்னால் ஊர்க்கவுண்டர் நல்லமுத்து, பின்னால் ஆண்களும் பெண்களும், ஒரு கைக்குழந்தை, இரண்டு நாய்கள். சதீஷ்குமார் சார் அரிசி இருப்பைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சமையலறைக்குள் போனவர், அவர்கள் போகும் வரைக்கும் வெளியே வரவில்லை. நல்லமுத்து அய்யா விண்ணப்பத்தை மேசைமேல் விரித்து வைத்து, என் முட்டையை விரலால் தொட்டுக் காட்டினார்.

"ஏனுங்க டீச்சர், எங்க ஊருக்கே முட்டை போட்டுப்போட்டீங்களே. நாங்க என்னங்க தப்புப் பண்ணினோம்?"

ஊருக்கு இல்லை, காப்பியடித்த பிள்ளைகளுக்கு என்றேன். அவர் பொறுமையாக விளக்கினார். இவர்கள் ஊரில் ஊர் பேரைச் சொல்லி எது போவதாக இருந்தாலும் எல்லோரும் கூடி உட்கார்ந்து, பேசி, ஒரு முடிவுக்கு வந்த பிறகுதான் போகும். பிள்ளைகள் 'ஊர் சார்பில்' என்று வீட்டுப்பாடம் கொண்டுவந்ததும் சனிக்கிழமையே கூட்டம் போட்டுவிட்டார்கள். பஸ் பலாமரத்தடியில் நிற்பதா கோயிலடியில் நிற்பதா என்று பாதிக் கூட்டம் எழுந்து போய், மறுபடி சமாதானமாகி வந்து உட்கார்ந்திருக்கிறது. ஒரு பெரியவர் தன் மருமகன் செருப்பைச் சேர்க்காவிட்டால் சம்மதம் இல்லை என்று படுத்துவிட்டார். அதனால் செருப்பையும் சேர்த்தார்கள். முடிவானதை எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி எழுதிக்கொண்டார்கள்.

"இதுல ஒரு புள்ள ஒரு வார்த்தை மாத்தி எழுதினா அது ஊருக்கு விரோதமுங்க. நீங்க மாத்தி எழுதலைன்னு முட்டை போடறீங்க" என்றார்.

அதை ஒப்புக்கொண்டேன். ஆனாலும் நான் ராசு கொத்தனார் மகள் இல்லையா? வேண்டும் என்று ஆரம்பித்து மூன்றாம் வரியிலேயே வேண்டவே வேண்டாம் என்றால் கலெக்டர் எதைத்தான் கொடுப்பார் என்று கேட்டேன். அது நியாயம் என்று நாலைந்து பேர் தலையாட்டினார்கள். அப்புறம் மார்க் பேரம். பத்துக்கு ஏழு என்றேன். மீதி மூன்று எங்கே போயிற்று என்று ஒரு அம்மாள் விடவில்லை. மூன்றுக்கும் காரணம் சொல்லி, முட்டையை அடித்துவிட்டு ஏழு போட்டுக் கையெழுத்தும் போட்டேன். அதன் பிறகுதான் தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள்.

ஆனால் விஷயம் கல்லூரிக்குப் போய்விட்டது. அக்டோபர் நாலாம் தேதி ருக்குமணி மேடம் நேரில் வந்து என் வகுப்பைப் பார்த்து, நான் லாயக்கா இல்லையா என்று முடிவு சொல்வாராம். அதுவரைக்கும் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கக் கூடாதாம். எடுத்தால் பயிற்சி ரத்து. பயமாக இருக்கிறது அப்பா.

இன்னொரு தலைவலியும் சேர்ந்திருக்கிறது. இப்போது எதை எழுதச் சொன்னாலும் பிள்ளைகள் ஊரைக் கேட்க வேண்டும் என்கிறார்கள். முந்தாநாள் ஒரு வழி செய்தேன். தாளின் நடுவில் ஒரு கோடு. கோட்டுக்கு மேலே எல்லோரும் சொன்னது. கீழே ஒரே ஒரு வரி, யாரையும் கேட்காமல், உனக்கு மட்டும் தெரிந்தது. பஸ் விண்ணப்பத்துக்கே எழுதச் சொன்னேன். முகேஷ் எழுதினான், 'பஸ் வந்தால் எனக்கு வாந்தி வரும்.' இருசாயி என்று ஒரு வாயில்லாப் பூச்சி. அவள், 'பஸ் வந்தால் அக்கா திருப்பூருக்குப் போகாமல் தினமும் வேலைக்குப் போய் வீட்டுக்கு வருவாள்' என்று எழுதியிருந்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அது கிடக்கட்டும். சேவல் பதினோரு மணிக்கு எங்கே போகிறது என்பது அப்பாவுக்கு எப்படித் தெரிந்தது? இருட்டித்தானே வருவார்? நாடகம் பார்க்கும் மனுஷரா அவர்?

இளமதி


காரவள்ளி
2.9.2024

சாமிக்கு அம்மா எழுதுவது. பதில் தாமதமாகிவிட்டது. என்ன எழுதுவது என்று நாங்கள் இரண்டு பேரும் முடிவுக்கு வர நாளாகிவிட்டது.

அப்பா பகலில் வீட்டில் இருப்பது ஏன் என்றால், நாமக்கல்லில் மணல் வரவில்லை. (சிமெண்ட்டு வரலைன்னு எழுதச் சொன்னாரு, நான் மணல்னு எழுதிப்போட்டேன். ரெண்டும் வரலைன்னு வெச்சுக்க.) அப்பா மிக மிக நலம். முன்புபோலவே சாப்பிடுகிறார். இரண்டு தோசைக்கு மேல் வேண்டாம் என்கிறார், அதுவும் நான் ஊட்டிவிட்டால்தான்.

மேலே கடைசி வரியை அடிக்கச் சொன்னார். அடித்துவிட்டேன். நீ அதைப் படிக்க வேண்டாம்.

நாலாம் தேதியை நினைத்துப் பயப்படாதே என்கிறார். ஊரோடு பேரம் பேசி ஏழில் நிறுத்தியவள் ஒரு மேடத்துக்கா பயப்படுவது என்கிறார். சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். உனக்கு எழுதும்போதெல்லாம் இப்படித்தான் செய்கிறார்.

அம்மா


தேவனூர் நாடு
12.9.2024

அம்மாவுக்கு மட்டும். இதை இளங்கோ அண்ணன் உன் கையில்தான் கொடுப்பார். அப்பாவுக்குக் காட்டாதே.

நீ அடித்த வரியை வெயிலுக்கு நேரே பிடித்துப் படித்தேன். இன்றைக்குச் சோளக்காட்டுச் சந்தையில் நம்ம ஊர் இளங்கோ அண்ணன் வேனில் அன்னாசி ஏற்றிக்கொண்டிருந்தார். அப்பா எப்படி இருக்கிறார் என்று சும்மா கேட்டேன். "கை பரவாயில்ல கண்ணு, கட்டு இன்னும் பிரிக்கலை" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு அன்னாசிக் கூடையைக் கீழே போட்டுவிட்டார். பிறகு எல்லாம் சொன்னார்.

அறைக்கு ஓடிப்போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்தேன். பஸ் நின்றது. படியில் ஒரு காலை வைத்துவிட்டேன் அம்மா. சாமி சத்தியமாக ஏறத்தான் போனேன். நடத்துனர் ஏறுகிறீர்களா இல்லையா என்று கேட்டார். நான் வாசலில் வந்து நின்றால் அப்பா கட்டுப் போட்ட கையோடு எழுந்து, எதுக்கு வந்தே என்று கேட்பார். அவர் கை ஒடிந்ததைவிட என் பயிற்சி ஒடிந்ததுதான் அவருக்குப் பெரிதாக இருக்கும். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியாது. காலை எடுத்துவிட்டேன். பஸ் போய்விட்டது. அங்கேயே உட்கார்ந்து, மிளகு விற்கிற அம்மாள் வந்து சமாதானப்படுத்தும் அளவுக்கு அழுதேன்.

உங்கள் இரண்டு பேர் மேலும் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. போகாமல் நின்ற என் மேல் அதைவிட ஆத்திரம். உண்மையாக எப்படி இருக்கிறார்? இந்த ஒரு தடவை அடிக்காமல் எழுது.

இளமதி


காரவள்ளி
14.9.2024

என் தங்கத்துக்கு அம்மா எழுதுவது. இளங்கோ வேனில் காத்துக்கொண்டிருக்கிறான், அவசரமாக எழுதுகிறேன்.

ஆடிப்பெருக்குக்கு முந்தின நாள் சாரக் கயிறு அவிழ்ந்து அப்பா விழுந்துவிட்டார். வலது மணிக்கட்டில் முறிவு. மாவுக்கட்டுப் போட்டிருக்கிறது. இந்த மாதக் கடைசியில் பிரிப்பார்கள். தலைக்கு ஒன்றும் இல்லை. கண்ணாடியும் போனும் ஒரே நாளில்தான் உடைந்தன. உனக்குச் சொல்லக் கூடாது என்று குலதெய்வத்தின்மேல் என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டார். இப்போது சத்தியம் போய்விட்டதா என்று கண்ணாயியிடம் கேட்டேன். முதலில் சொன்னது இளங்கோ, அதனால் குற்றம் அவனுக்கு என்கிறாள். பாவம், அவனுக்கும் சேர்த்து ஒரு கற்பூரம் ஏற்றிவிடுகிறேன்.

உனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிய வேண்டாம். பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கம் இடது கையால் எழுதிப் பழகுகிறார். அவரே கடிதம் எழுதினால் உனக்குச் சந்தேகம் தீர்ந்துவிடுமாம். வந்தால் நம்பிவிடு சாமி. வேர்த்து விறுவிறுத்து எழுதுகிறார், பார்க்கவே பாவமாக இருக்கிறது.

அம்மா


காரவள்ளி
21.9.2024

கண்ணு,
நான் நலம். கண்ணாடி வந்துவிட்டது. பேனா சரியில்லை. மேசை ஆடுகிறது. எழுத்து இப்படி இருப்பதற்கு வேறு காரணம் இல்லை. பாடத்தைப் பார்.
ராசு


தேவனூர் நாடு
9.10.2024

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இளமதி எழுதுவது. உங்கள் கடிதம் கிடைத்தது அப்பா. மேசைக் காலுக்கு அட்டை வைக்கவும்.

நாலாம் தேதி ருக்குமணி மேடம் தன் சொந்தத் தலையணையை நாற்காலியில் போட்டுக்கொண்டு வகுப்பின் கடைசியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் வாசலில் செருப்புச் சத்தம். மேல்வளவு மறுபடி வந்துவிட்டது. தங்கள் ஊர் டீச்சருக்குப் பரீட்சை என்று கேள்விப்பட்டு, கூட்டம் போட்டு, போகலாம் என்று முடிவாகி வந்திருக்கிறார்கள். சதீஷ்குமார் சார் அரிசி இருப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

நான் கோட்டுப் பாடத்தைத்தான் எடுத்தேன். மாதிரிக்கு நான் ஒன்று எழுதிக் காட்ட வேண்டும் அல்லவா? பயத்தில் கைடில் இருந்த கடிதத்தைக் கரும்பலகையில் எழுத ஆரம்பித்தேன். மேடம் நிறுத்தினார். பிள்ளைகளைச் சொந்தமாக எழுதச் சொல்லிவிட்டு நீங்கள் கைடைப் பார்க்கிறீர்களா என்று கேட்டார். எனக்கு முகம் எரிந்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, 'அன்புள்ள அப்பா, நான் நலம், நீங்கள் நலமா' என்று எழுதி ஒரு கோடு போட்டேன். கோட்டுக்குக் கீழே என்ன எழுதுவது என்று நான் யோசிக்கவே இல்லை. கை எழுதிவிட்டது:

'உங்கள் கை ஒடிந்தது எனக்குத் தெரியும் அப்பா. பஸ் படியில் காலை வைத்துவிட்டு எடுத்தேன். உங்களைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.'

ஆமாம் அப்பா, தெரியும். அம்மாவைத் திட்ட வேண்டாம். சோளக்காட்டில் நானாகக் கேட்டுத் தெரிந்துகொண்டது.

 வகுப்பு முழுக்கப் பேனாச் சத்தம். நல்ல பிள்ளைகள் அல்லவா, பலகையில் இருந்ததை ஒரு வார்த்தை விடாமல் அத்தனை பேரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். அதனால் உங்கள் கை ஒடிந்த விஷயம் இப்போது தேவனூர் நாட்டில் வீட்டுக்கு வீடு தெரியும்.  நல்லமுத்து அய்யாதான் எழுந்தார்.

"எந்தக் கைங்க டீச்சர்?"

வலது கை என்றேன். அப்பா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டார். கொத்தனார் என்றேன். அவ்வளவுதான், பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஊரே எழுந்து வெளியே போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டது.

மேடம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே அறிக்கை எழுதினார். கரும்பலகையில் சொந்த விஷயம் எழுதியது தவறு, அதற்கு மார்க் குறைப்பு. மற்றபடி, தேர்ச்சி. கையெழுத்துப் போட்டுவிட்டார் அப்பா. இந்த மாதக் கடைசியோடு பயிற்சி முடிகிறது. தீபாவளிக்கு டீச்சராக இறங்கி வருகிறேன். பெரியப்பாவின் சட்டைப் பையைக் காலி செய்யச் சொல்லுங்கள்.

வேப்பமரத்தடிக் கூட்டத்தின் முடிவை முகேஷ் எழுதியிருக்கிறான், இத்துடன் வைத்திருக்கிறேன். ஒரு மூட்டையும் இளங்கோ அண்ணன் வேனில் வருகிறது. பயப்படாமல் பிரிக்கவும்.

உங்கள் அன்பு மகள்
இளமதி


மேல்வளவு
5.10.2024

ஊர் சார்பில் டீச்சர் அப்பா ராசு அவர்களுக்கு வணக்கம். நாங்கள் எல்லோரும் நலம். உங்கள் கை நலமடைய வேண்டும் என்று ஊர் கூடிப் பேசி முடிவு செய்திருக்கிறோம். இத்துடன் முடவாட்டுக்கால் கிழங்கு அனுப்புகிறோம். தோலைச் சீவி, மிளகு சீரகம் தட்டிப் போட்டு, சூப்பு வைத்துக் குடிக்க வேண்டும். குடித்தால் தினமும் குடிக்க வேண்டும். ஒரு நாள் குடித்து ஒரு நாள் விடுவதானால் அடுத்த மூட்டை கிடையாது. எங்கள் மருமகனுக்குக் கால் பிசகியபோது இதில்தான் சரியானது. மகளைப் பற்றிக் கவலை வேண்டாம். ஏழு மார்க்கை நாங்கள் மன்னித்துவிட்டோம்.

இப்படிக்கு
ஊரார்

———

கிழங்கு ஆட்டுக்கால் மாதிரி முடியோடு இருக்கும். எனக்கும் முதலில் பயமாகத்தான் இருந்தது. முகேஷ்.


காரவள்ளி
18.10.2024

கண்ணு இளமதிக்கு அப்பா எழுதுவது. இடது கைதான். மேசை ஆடவில்லை.

மூட்டை வந்தது. உன் அம்மா பிரித்துப் பார்த்துவிட்டு ஏதோ செத்துக் கிடக்கிறது என்று கத்தி, கண்ணாயி ஓடிவந்து, தெருவே கூடிவிட்டது. ஊரார் கடிதத்தைத் தெருவில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். சூப்பு குடிக்கிறேன். தினமும் குடிக்கிறேன் என்று ஊர்க்கவுண்டரிடம் சொல்.

மறைத்தது தப்பு என்று எழுத மாட்டேன். மறுபடி விழுந்தாலும் மறைப்பேன். நீ பஸ்ஸில் ஏறாமல் நின்றாய் பார், அதுதான் சரி. அந்த வரியைப் படித்ததும் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றுவிட்டு வந்தேன். உன் பெரியப்பா போட்டோவைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். டீச்சரம்மா எப்போது வருகிறாள் என்று பார்க்கிறவர்களெல்லாம் கேட்கிறார்கள். எனக்கு வேறு வேலை இல்லாததால் எல்லோருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கட்டுப் பிரித்தாயிற்று. கை முன்போலவே ஆகிவிட்டது என்று உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

ராசு

———

சாந்துக் கரண்டியை எடுத்துப் பார்த்தேன், கையில் நிற்கவில்லை. ராத்திரியில் வலிக்கிறது கண்ணு. உன் அம்மாவுக்குத் தெரியாது.


(சாமி, அம்மா எழுதறேன். ஒட்டறதுக்கு முன்னாடி பிரிச்சுப் படிச்சுப்போட்டேன். இன்னைக்கு ராத்திரியிலிருந்து கைக்கு ஒத்தடம் குடுக்கப் போறேன். ஏன்னு கேட்டா, கிழங்கோட அதையும் செய்யோணும்னு உங்க மேல்வளவுக்காரங்க கூட்டம் போட்டு முடிவு பண்ணியிருக்கறாங்கன்னு சொல்லிக்கறேன். நான் சொன்னா வேண்டாம்பாரு, ஊர் முடிவுன்னா கையை நீட்டிப்போடுவாரு. நான் படிச்சது அவருக்குத் தெரிய வேண்டாம்.)